அபினை விட்ட அப்பனும் பிள்ளையும்

போன மாதம், வேலூர் பாகாயத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண்கள் சிலர் ஆம்பூருக்கு வந்தபோது என் வீட்டுக்கும் வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: "அம்மா, கைக்குழந்தைக்கு அபின் குடுத்துத் தூங்க வெப்பாங்கன்னு பாடத்துல வருது. நெஜமாவே பெத்தவங்களே குடுப்பாங்களா?"

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் விழித்தாள். நான் ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படிக் கேட்கக்கூடிய நர்ஸ் ஒருத்திகூட இந்தப் பக்கத்தில் இருந்திருக்க முடியாது. இன்றைக்கு ஒரு பெண் அதைக் கட்டுக்கதை போல நினைத்துக் கேட்கிறாள் என்றால் நாங்கள் பட்ட பாடு வீண் போகவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் பெயர் ஞானம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, வேலூரில் தாதிப் பயிற்சி பெற்றேன். கட்டுப் போடவும், பிரசவம் பார்க்கவும், காய்ச்சல்காரர் பக்கத்தில் கண்ணயராமல் உட்காரவும் அங்கே கற்றுக்கொண்டேன். அபினைப் பற்றிக் கற்றது ஆம்பூருக்கு வந்த பிறகுதான்.

எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. ஓட்டுக் கட்டடம், சில கட்டில்கள், முன்னால் ஒரு வராந்தா, அவ்வளவுதான். நாலு பக்கமும் தோல் பதனிடும் டேனரிகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த நெடி உள்ளே வரும். சேர்ந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கொஞ்ச நாளில், அந்த நெடி இல்லாத ஊருக்குப் போனால் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் டாக்டர் எஸ்தர். எல்லோருக்கும் டாக்டரம்மா. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். நோயாளியைப் பார்க்கும் முன்னும் பின்னும் கையைக் கழுவி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துடைப்பார். நாற்காலியில் உட்கார்ந்து நோயாளியை நிற்க வைத்துப் பேச மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலில் இருப்பவர் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்காருவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமலே பல பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அபின் தின்பவர்களை நான் ஆரம்பத்தில் அதட்டுவேன். ஒரு நாள் டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "திருடங்கிட்ட கேக்கற மாதிரி கேட்டா பொய்தான் வரும், ஞானம். வயித்துவலிக்காரங்கிட்ட கேக்கற மாதிரி கேளு."

அந்தக் காலத்தில் அபின் ஒளித்து மறைத்து விற்கும் பொருள் அல்ல. பஜாரில் சர்க்கார் உத்தரவு பெற்ற கடையிலேயே கிடைக்கும். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்பவனுக்குக் கால் கடுக்கும், இடுப்பு விட்டுப்போகும், இருமல் விடாது. ஒரு சின்ன உருண்டையை வாயில் போட்டால் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த மாதம் அதே அளவு போதாது. அதற்கடுத்து, உருண்டை இல்லாமல் எழுந்து நிற்கவே முடியாது. வலிக்காகத் தின்றவன் கடைசியில், தின்னாவிட்டால் வரும் வலிக்குப் பயந்து தின்பான்.

ஆண்கள் கதை இது. பெண்கள் கதை வேறு. ஆட்டுத்தோலிலிருந்து மயிர் பிடுங்கும் வேலைக்கு அவர்கள் போவார்கள். சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவில் கைக்குழந்தையை எங்கே விடுவது? டேனரிக்குள் பிள்ளைகளை விடவும் மாட்டார்கள். அதனால் காலையில் பாலைக் கொடுத்து, கடுகளவு அபினைத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவி, தூளியில் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வரை பிள்ளை அசையாது. சில பிள்ளைகள் அப்புறமும் அசையாமல் போய்விடும். "மாந்தம் வந்து போய்டுச்சு" என்று சொல்லி அடக்கம் செய்வார்கள்.

ஒரு நாள் முற்பகலில் பச்சையம்மா என்ற பெண் வராந்தாப் படியில் தடுக்கியும் நிற்காமல் ஓடி வந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு; வேலைக்கு நடுவில் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போனவள் அப்படியே தூக்கி வந்திருந்தாள். தோளில் ஆண் குழந்தை, தலை துவண்டு தொங்கியது.

"நர்சம்மா, எம்புள்ள முழிக்க மாட்டேங்குது!"

டாக்டரம்மா குழந்தையின் இமையைத் தூக்கினார். கருமணி ஊசிமுனை போலச் சுருங்கி இருந்தது. உதடு நீலம். மூச்சு வந்தால் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. வாயருகே குனிந்து முகர்ந்தார்.

"எவ்ளோ குடுத்த?" குரலில் கோபமே இல்லை.

"தெனம் குடுக்கற அளவுதாம்மா. கடுகளவு."

"வேற யாராச்சும் குடுத்தாங்களா?"

பச்சையம்மா திகைத்தாள். அவள் பின்னாலேயே ஓடி வந்திருந்த ஆள் வாசலில் நின்றான். அவள் புருஷன் ஏகாம்பரம். "பல்லு மொளைக்குதுன்னு விடிஞ்சதுலேர்ந்து அழுதுச்சு. என் உருண்டையிலேர்ந்து கிள்ளி நானும் கொஞ்சம் வெச்சேன்" என்றான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்திருக்கிறார்கள்.

உடனே மெல்லிய ரப்பர் குழாயைக் குழந்தையின் வயிற்றுக்குள் இறக்கினோம். பர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரை விட்டு, அது நிறம் மாறி வெளியே வர, மறுபடி விட்டோம். வெளியே வரும் தண்ணீர் உள்ளே போன நிறத்திலேயே வரும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு கடுங்காப்பியை ஆற வைத்துக் குழாய் வழியாகக் கொடுத்தோம். குழந்தையைத் தூங்கவிடக் கூடாது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். நான் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். மூச்சு தேங்கும்போதெல்லாம் டாக்டரம்மா குழந்தையின் வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினார். அவர் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது. ஆனால் ஊதும் காற்று ஒரு முறைகூட வேகமாகப் போகவில்லை. பிஞ்சு நெஞ்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் குழந்தை முகத்தைச் சுளித்தது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து வீறிட்டு அழுதது. பச்சையம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

உண்மையான கஷ்டம் அடுத்த நாள்தான் ஆரம்பித்தது. அபினுக்குப் பழகிய குழந்தைக்கு அதை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. கொட்டாவி, தும்மல், பேதி, ஓயாத அழுகை. சர்க்கரைத் தண்ணீரில் அபின் டிஞ்சரைச் சொட்டுக் கணக்கில் கலந்து, நாளாக ஆகக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பச்சையம்மா தலையாட்டினாள். ஏகாம்பரம் மட்டும் முக்காலிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று அவன் உருண்டை போடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"அவனுக்கு வுடவெக்க முடியும்னா எனக்கும் வுடவெய்யுங்க டாக்டரம்மா. வீட்ல சரக்கு இருந்தா மறுபடியும் அவன் வாய்க்குத்தான் போவும்."

அப்பனையும் பிள்ளையையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டோம். இப்படி ஒரு சேர்க்கை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

ஏகாம்பரத்தைச் சேர்க்கும்போது முதல் வேலை குளியல். பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேட்டி கொடுத்தோம். தலைப்பாகை மடிப்பு, அரைஞாண் கயிற்று முடிச்சு எல்லாவற்றிலும் அபின் ஒளித்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு டாக்டரம்மா ஒரு பெரிய பாட்டிலில் அவன் வழக்கமான அளவுக்கு அபினைக் கரைத்து, அதோடு நிலவேம்புக் கஷாயத்தைக் கலந்தார். அவன் வேளைக்கு ஒரு அவுன்ஸ் குடிப்பான். குடித்த அளவுக்கு வெறும் கஷாயத்தைப் பாட்டிலில் நான் ஊற்றி நிரப்ப வேண்டும். பாட்டில் எப்போதும் கழுத்து வரை நிறைந்தே இருக்கும், கசப்பும் குறையாது. உள்ளே அபின் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். "இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்" என்றார் டாக்டரம்மா.

அந்த வாரத்திலேயே ஒரு ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. டேனரி முதலாளி காதர் சாயபு இறங்கினார். வெள்ளை ஷெர்வானி, கறார் முகம்.

"டாக்டரம்மா, ஏகாம்பரத்த எப்ப அனுப்புவீங்க? தோல்ல ஒட்டின சவ்வு சீவறதுக்கு அவன மாதிரி கை இந்த ஜில்லாவுலயே இல்ல. வேற ஆளுங்க சீவினா ஓட்ட விழுது. ரொம்ப பேஜாரா இருக்குது."

டாக்டரம்மா அவருக்கும் முக்காலிதான் போட்டார். "அவன அனுப்புறேன் பாய். அவன் புள்ளைய நீங்க எங்க வெப்பீங்க?"

"புள்ளையா? அதுக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?"

"அவன் சம்சாரம் உங்க டேனரிக்குத்தான் மயிர் புடுங்க வர்றா. புள்ளைய விட எடம் இல்லாமத்தான் அபின் குடுத்தா. உங்ககிட்ட வேல செய்யற பாதிப் பொம்பளைங்க அதத்தான் செய்யறாங்க. உங்க மதிலுக்கு வெளியில மரத்தடியில ஒரு கொட்டாய் போட்டு, பாத்துக்க ஒரு ஆளையும் வெச்சுட்டா, யாரும் குடுக்க மாட்டாங்க."

சாயபு யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, ஆனால் வியாபாரி. "அபின்காரன் அத வுட்டு நான் பாத்ததில்ல. வுட்டாலும் கை நடுங்கும். ஏகாம்பரம் அபின் இல்லாம வந்து, என் கண்ணு முன்னால ஒரு தோல ஓட்ட இல்லாம சீவட்டும். கொட்டாய் போடறேன். இது ஜபான், குடுத்த வாக்கு" என்று சொல்லிவிட்டு ஜட்கா ஏறினார்.

இப்போது ஏகாம்பரத்தின் கையில் அந்த டேனரிப் பெண்களின் குழந்தைகள் எல்லோருமே இருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும்.

தெரிந்தும் அவன் ஓடினான். பாட்டிலில் அபின் பாதிக்கும் கீழே போயிருந்த சமயம். காலை இழுத்து இழுத்துப் பிடித்தது, ரோமம் சிலிர்த்து நின்றது, பேதி நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பிள்ளையும் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. பின்பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் வரவில்லை.

நான் பதறிக்கொண்டு நிற்கையில், பச்சையம்மா அழும் பிள்ளையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியும். வாங்க நர்சம்மா."

பஜாரில் அபின் கடை வாசலில் ஆஸ்பத்திரி வேட்டியோடு நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் இன்னும் சில பேர். பச்சையம்மா கூச்சல் போடவில்லை. நேராகப் போய், கதறும் பிள்ளையை அவன் கையில் திணித்தாள்.

"உனக்கு வாங்கறதுன்னா இவனுக்கும் சேத்து வாங்கு. இவனுக்கும் அதே ஒடம்புவலிதான். நீ பேசறே, இவனுக்குப் பேச வரல, அவ்ளோதான்."

கடைத்தெருவே நின்று பார்த்தது. ஏகாம்பரம் பிள்ளையைப் பார்த்தான். அதற்கும் மூக்கு ஒழுகியது. அதற்கும் கால் வெட்டி வெட்டி இழுத்தது. தன் வலியைத் தன் பிள்ளையின் உடம்பில் அவன் அன்றுதான் கண்ணால் கண்டான் என்று நினைக்கிறேன். முறை வந்தபோது கடைக்காரன், "இன்னாப்பா வேணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை அப்பனும் அழுதான், பிள்ளையும் அழுதது. பின்னால் வந்த நாங்கள் இருவர் மட்டும் அழவில்லை. டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். அவன் கூச்சத்தில் காலை இழுக்கப் பார்த்தான். அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை முதலில் தேறியது. டிஞ்சர் சொட்டு நின்றது, பால் குடித்துவிட்டுத் தானாகத் தூங்கியது, ஆளைப் பார்த்தால் கையை நீட்டியது. அப்பன் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் தின்ன ஆரம்பித்தான். ஆனாலும் பாட்டில் மேல் அவனுக்கிருந்த பக்தி குறையவில்லை. வேளை தவறினால், "நர்சம்மா, மருந்து" என்று கூப்பிடுவான்.

ஒரு நாள் காலை, "அந்த மருந்து இருக்கற வரைக்கும் எனக்கு பயமில்ல. வீட்டுக்குப் போம்போது ஒரு பாட்டில் குடுத்தனுப்புங்க டாக்டரம்மா" என்றான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைக் கொண்டு வந்தேன். "ஏகாம்பரம், இதுல அபின் இல்ல" என்றார்.

"இன்னா?"

"முந்தாநேத்தே பழசக் கொட்டிட்டு, கழுவி, வெறும் நிலவேம்பு ஊத்தி வெச்சோம். அதுக்கு முந்தியும் பேருக்குத்தான் இருந்துச்சு."

அவன் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க. காலைலகூடக் குடிச்சதும் ஒடம்பு தெம்பாச்சே!" என்றான். டாக்டரம்மா ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, அவன் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தார். அபின் இருந்திருந்தால் அந்த அளவுக்கு அவர் விழுந்திருக்க வேண்டும். அவர் விழவில்லை, முகம் மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. அத்தனை வருஷத்தில் நோயாளி முன்னால் அவர் முகம் கோணியதை அன்றுதான் பார்த்தேன்.

ஏகாம்பரம் காலி டம்ளரைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். "அப்ப இந்த ஒடம்பு நிக்கறது..."

"உன் ஒடம்புதான் நிக்குது" என்றார் டாக்டரம்மா.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நிலவேம்பின் கசப்புக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டே டாக்டரம்மாவும் சிரித்தார்.

டேனரிக்கு அவனோடு நாங்களும் போனோம். காதர் சாயபு தானே ஒரு ஆட்டுத்தோலைத் தேர்ந்து எடுத்துப் போட்டார். மெல்லிசுத் தோல், சற்றுக் கை தவறினாலும் கிழியும். ஏகாம்பரம் அதைச் சாய்ந்த மரக்கட்டையின் மேல் விரித்து, வயிற்றால் அழுத்திப் பிடித்தான். இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியைக் கையில் எடுத்தான். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். பெண்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

முதல் இழுப்பில் கத்தி லேசாகத் தயங்கியது. அவன் கத்தியை எடுத்துவிட்டு, விரல்களை ஒரு முறை விரித்து மடக்கி, மறுபடி வைத்தான். பிறகு கத்தி இறங்கியது பாருங்கள்! மேலிருந்து கீழே ஒரே வீச்சு. சவ்வு வெள்ளையாகச் சுருண்டு விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. தோளும் இடுப்பும் கையும் ஒன்றாய் அசைந்தன. கத்தி தோலில் உரசும் ஓசை தவிர வேறு சத்தமே இல்லை.

முடித்ததும் சாயபு தோலை இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் பிடித்தார். ஓட்டை இருந்தால் வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, "மூங்கில் வாங்கிட்டு வரச் சொல்லு. ஓலை ஜாஸ்தியாவே வாங்கு, மழை ஒழுகக் கூடாது" என்றார்.

அங்கே எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆண்கள் ஏகாம்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பச்சையம்மா சுண்ணாம்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் வெள்ளைச் சேலையில் பட்ட கறை கடைசி வரை போகவில்லை.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால் வராந்தாவில் டேனரி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கிழவர், "ஏகாம்பரத்துக்குக் குடுத்தீங்களே, அந்தக் கசப்புத் தண்ணி..." என்று இழுத்தார். எல்லோருமா ஜெயித்தார்கள்? இல்லை. சிலர் ஓடிப்போய்ப் பிறகு வரவே இல்லை. விட்டவர்களும் நிறைய. அவர்களில் யார் தடுமாறினாலும் ஏகாம்பரம் கடை வாசல் வரை போய் அழைத்து வருவான். அந்தக் கடை பிறகு வியாபாரம் படுத்து, மூடியே போயிற்று.

கொட்டாய் திறந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். வரிசையாகத் தூளிகள் கட்டி, பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்திருந்தார்கள். அபினை விட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் அல்லவா, ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொண்டன. மதிலுக்கு இந்தப் பக்கம், மயிர் பிடுங்கும் பெண்களுக்கு நடுவில் நான் நின்றிருந்தேன். இத்தனை நாளும் குழந்தைச் சத்தமே கேட்டிராத அந்த இடத்தில் அழுகை மதிலைத் தாண்டி வந்து விழுந்தது. சாயபு காதைப் பொத்திக்கொண்டே, "இன்னாம்மா இது, கல்யாண வீடு மாதிரி!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பச்சையம்மா வேலையை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அத்தனை குரலுக்கு நடுவில் ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

"அது என்னுது நர்சம்மா. பசிக்கு அழுவுறான்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்க ஓடினாள்.